நூலகத்துக்குப் படம் வாங்கப் போகிறீர்களா? விலை கேட்பதற்கு முன் இதைப் படியுங்கள்

அமெரிக்காவில் ஒரு சமுதாயக் கல்லூரி நூலகத்தில் புத்தகம் வாங்கும் பிரிவில் இருந்தேன். படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்றதும், “புத்தகம் மாதிரிதான், நீங்களே பாருங்கள்” என்று அந்த வேலையும் என் தலையில் வந்தது. முதல் வாரமே ஒரு பேராசிரியர் ஒரு ஆவணப்படம் கேட்டார். இணையக் கடையில் 19 டாலருக்கு டிவிடி இருந்தது. வாங்கி அவர் மேசையில் வைத்தேன். அவர் வட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “என் வகுப்பு முழுக்க ஆன்லைன். இதை வைத்து நான் என்ன செய்ய?” என்றார்.

விநியோகஸ்தருக்கு எழுதினேன். அதே படத்தை மூன்று ஆண்டுகள் ஸ்ட்ரீமிங் செய்ய 350 டாலர் என்றார்கள். ஓராண்டுக்கு 150. வளாகத்தில் திரையிடும் உரிமையோடு டிவிடி 300. வீட்டில் பார்க்க 25. படம் ஒன்றுதான், விலைதான் நான்கு. புத்தகத்தில் இந்தக் குழப்பம் கிடையாது. படத்தில் நாம் வாங்குவது பெரும்பாலும் பொருளை அல்ல, அதை வைத்து இன்னது செய்யலாம் என்ற அனுமதியை. இது மண்டையில் ஏற எனக்கு ஒரு கல்வியாண்டு போனது.

கீழே சொல்வதெல்லாம் அமெரிக்கச் சட்டத்தையும் அங்குள்ள நடைமுறையையும் வைத்து. வேறு நாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு விலை கேட்கும் முறை உதவும், சட்டப் பிரிவுகள் உதவாது.

1. யார், எங்கே, எப்படிப் பார்க்கப் போகிறார்கள்?

படத்தின் பெயரைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். பதிலைப் பொறுத்து ஒரு காசுகூட கொடுக்க வேண்டாம் என்றும் ஆகலாம், நானூறு டாலர் என்றும் ஆகலாம்.

நேரடி வகுப்பு: லாப நோக்கமில்லாத கல்வி நிறுவனத்தின் வகுப்பறையில், ஆசிரியரும் மாணவர்களும் நேரில் இருந்து, பாடத்தின் பகுதியாகப் பார்ப்பது. பதிப்புரிமைச் சட்டத்தின் 110(1) பிரிவு இதை அனுமதிக்கிறது. முழுப் படத்தையும் காட்டலாம், தனி உரிமம் வேண்டாம். வட்டு சட்டப்படி தயாரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடையில் வாங்கிய 19 டாலர் டிவிடியே போதும். இது தெரியாமல் நேரடி வகுப்புக்காகத் திரையிடல் உரிமையோடு வாங்கிய நூலகங்கள் நிறைய. நானும் இரண்டு படங்களில் ஏமாந்தேன்.

ஆன்லைன் வகுப்பு: இங்கே 110(2) வருகிறது. டீச் ஆக்ட் என்பார்கள். திரைப்படம் என்றால் ‘நியாயமான, வரம்புக்குட்பட்ட பகுதி’ மட்டும்தான், அதுவும் அந்த வகுப்பில் பதிவு செய்த மாணவர்களுக்கு மட்டும். முழுப் படமும் வேண்டுமென்றால் ஸ்ட்ரீமிங் உரிமம் வாங்குவதுதான் நிம்மதி. “நம்மிடம் டிவிடி இருக்கிறதே, கணினியில் ஏற்றிவிடலாமே” என்று யாராவது சொல்வார்கள். வட்டு உங்களுடையதுதான். அதைப் பிரதி எடுத்து இணையத்தில் ஓட்டும் உரிமை உங்களுடையதல்ல.

இரவல்: விலைக்கு வாங்கிய வட்டை நூலகம் இரவல் கொடுக்கலாம். முதல் விற்பனைக்குப் பிறகு அந்தப் பிரதி வாங்கியவருடையது என்பதுதான் 109ஆம் பிரிவு. ஆனால் சில விநியோகஸ்தர்களின் தளத்தில் ‘வீட்டு உபயோகம்’ விலையில் வாங்கும்போது, “நான் எந்த நிறுவனத்துக்காகவும் வாங்கவில்லை” என்று ஒரு கட்டத்தில் டிக் செய்யச் சொல்வார்கள். அதைக் கண்ணை மூடிக்கொண்டு டிக் செய்யாதீர்கள். சட்டம் கொடுத்ததை நாமே ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்துவிடுவோம்.

திரைப்பட மன்றம், மாலை நேரத் திரையிடல், பொதுமக்களுக்கு அழைப்பு: இதற்குப் பொதுத் திரையிடல் உரிமை கட்டாயம். நுழைவுக் கட்டணம் இல்லை என்பதாலோ, பத்துப் பேர்தான் வந்தார்கள் என்பதாலோ விலக்கு கிடைக்காது.

பேராசிரியரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: முழுப் படமும் வேண்டுமா, இருபது நிமிடம் போதுமா? பலருக்கு இருபது நிமிடம் போதும்.

2. ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்

அகாடமிக் வீடியோ ஆன்லைன், ஃபிலிம்ஸ் ஆன் டிமாண்ட் மாதிரியான ஸ்ட்ரீமிங் தளச் சந்தா உங்கள் கல்லூரிக்கு இருக்கலாம். நூலக கேட்லாக்கில் மட்டும் தேடாமல், அந்தத் தளங்களுக்குள்ளேயே போய்த் தேடுங்கள். கேட்லாக்கில் பதிவு ஏறாத படங்கள் எப்போதும் இருக்கும்.

பொது நூலக அட்டையை வைத்து, நூலக உறுப்பினர்களுக்குப் படம் காட்டும் தளங்களான கனோப்பியிலோ ஹூப்லாவிலோ பார்க்கலாமே என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அது தனி நபர் பார்ப்பதற்கு. முப்பது மாணவர்களின் வீட்டுப்பாடத்தை ஊர் நூலகத்தின் பட்ஜெட்டில் ஏற்றுவது நியாயமும் அல்ல.

3. உரிமை யாரிடம் இருக்கிறது?

இங்கேதான் அதிக நேரம் போகும். ஹாலிவுட் கதைப்படம் என்றால் முதலில் ஸ்வாங்க் என்ற உரிம நிறுவனம். பெரிய ஸ்டுடியோக்களின் கல்லூரி உரிமங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட சில கைகளில்தான் இருக்கின்றன. ஆவணப்படங்கள் என்றால் விமன் மேக் மூவீஸ், இக்காரஸ், புல்ஃபிராக் போன்ற விநியோகஸ்தர்கள். நியூ டே ஃபிலிம்ஸ் என்பது இயக்குநர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவு. அங்கே சில சமயம் படமெடுத்தவரே பதில் எழுதுவார், பேசுவதும் எளிது.

எங்கும் கிடைக்கவில்லையா? படம் முடிந்ததும் திரையில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். பதிப்புரிமை வரியில் இருக்கும் நிறுவனத்தின் பெயரைத் தேடி நேராக எழுதுங்கள். ஒரு படத்துக்கு டிவிடி உரிமை ஒருவரிடமும் ஸ்ட்ரீமிங் உரிமை இன்னொருவரிடமும் இருப்பது சகஜம். ஆகவே “உங்களிடம் ஸ்ட்ரீமிங் உரிமை இருக்கிறதா?” என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். விலையை அப்புறம் பேசலாம்.

ஒரு பெரிய பள்ளம்: ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் சொந்தமாக வெளியிடும் படங்கள். அவற்றில் பல டிவிடியாக வருவதே இல்லை, நூலகத்துக்கு விற்பதும் இல்லை. பணம் இருந்தும் வாங்க முடியாது. ஆசிரியரின் சொந்தக் கணக்கைப் பயன்படுத்தலாமா என்றால், அந்தக் கணக்கின் நிபந்தனைகள் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்கின்றன. நெட்ஃப்ளிக்ஸ் தன் சில ஆவணப்படங்களுக்கு மட்டும் கல்வித் திரையிடலுக்கு ஒரு முறை அனுமதி தருகிறது. எந்தப் படத்துக்கு உண்டு என்பதை அந்தப் படத்தின் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். மற்றவற்றுக்கு ஆசிரியரிடம் சீக்கிரமே “கிடைக்காது, வேறு படம் பாருங்கள்” என்று சொல்லிவிடுங்கள். நான் தயங்கித் தயங்கி ஆறு வாரம் இழுத்ததில் ஒருவருடைய பாடத்திட்டமே குலைந்தது.

4. விலை கேட்கும் மின்னஞ்சல்

“இந்தப் படம் என்ன விலை?” என்று ஒரு வரி எழுதினால், அவர்கள் நான்கு கேள்விகளோடு திரும்பி வருவார்கள். அதற்கே ஒரு வாரம். சில சமயம் கேள்வியே கேட்காமல், இருப்பதிலேயே பெரிய உரிமத்துக்கு விலை போட்டு அனுப்பிவிடுவார்கள். அதனால் முதல் கடிதத்திலேயே எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள். நான் இப்போது அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“வணக்கம். நாங்கள் ஈராண்டுப் படிப்புகள் நடத்தும் அரசுக் கல்லூரி. முழுநேரக் கணக்கில் 4,200 மாணவர்கள். இந்தப் படத்தை ஒரே பாடத்தில், கடவுச்சொல் பாதுகாப்புக்குள், பருவத்துக்குச் சுமார் 60 மாணவர்கள் பார்ப்பார்கள். ஓராண்டு, மூன்றாண்டு, நிரந்தரம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாக விலை வேண்டும். கோப்பை நீங்களே வைத்து ஓட்டுவீர்களா, எங்களிடம் கொடுப்பீர்களா? கேப்ஷன் இருக்கிறதா? உரிமம் ஆகஸ்டு 15 முதல் தொடங்க வேண்டும்.”

இதில் மாணவர் எண்ணிக்கை முக்கியம். பல விலைப் பட்டியல்கள் ‘முழுநேர மாணவர் கணக்கு’ என்ற அளவுகோலில் படிப்படியாக ஏறும். பகுதிநேர மாணவர்களை அவர்கள் எடுக்கும் பாடங்களின் அளவுக்குச் சுருக்கி எண்ணுவது அது. சமுதாயக் கல்லூரிகளில் பகுதிநேர மாணவர்கள் அதிகம் என்பதால், மொத்தத் தலைகளைச் சொன்னால் தேவையில்லாமல் மேல் படிக்குப் போய்விடுவீர்கள். பதிவாளர் அலுவலகத்தில் அந்த எண்ணை வாங்கி மேசையில் ஒட்டி வையுங்கள்.

“எங்கள் பட்ஜெட் சின்னது, குறைக்க முடியுமா?” என்று கேட்கத் தயங்காதீர்கள். பெரிய ஸ்ட்ரீமிங் தளங்கள் விலையில் அசையாது. சிறு விநியோகஸ்தர்களும் இயக்குநர்களும் பல முறை குறைத்திருக்கிறார்கள், மூன்று நான்கு படங்களைச் சேர்த்து வாங்கினால் இன்னும்.

5. விலையைப் படிக்கும் விதம்

எனக்கு வந்த விலைக் கடிதங்களில் ஆவணப்படத்தின் ஓராண்டு ஸ்ட்ரீமிங் 100 முதல் 200 டாலருக்குள் இருக்கும். மூன்றாண்டு 300 முதல் 400. நிரந்தரம் 500ஐ ஒட்டி. பார்த்தவுடன் மூன்றாண்டுதான் மலிவு என்று தோன்றும். தோன்றட்டும், கணக்குப் போடுங்கள்.

350 டாலர் மூன்றாண்டு உரிமம். ஆண்டுக்கு இரண்டு பருவம், பருவத்துக்கு 25 பேர் என்றால் மூன்று ஆண்டில் 150 மாணவர்கள். தலைக்கு 2 டாலர் 33 காசு. நல்ல விலைதான். ஆனால் அந்தப் பேராசிரியர் ஓராண்டு ஒப்பந்தத்தில் வந்தவர், அடுத்த ஆண்டு பாடத்தையே மாற்றிவிடுகிறார் என்றால் 50 பேருக்கு 350. தலைக்கு 7 டாலர். ஓராண்டு உரிமமே வாங்கியிருந்தால் 3 டாலரில் முடிந்திருக்கும். ஆகவே “அடுத்த ஆண்டும் இதே படத்தைக் காட்டுவீர்களா?” என்று ஆசிரியரிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

‘நிரந்தரம்’ என்ற சொல்லையும் நம்பாதீர்கள். ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ‘கோப்பின் ஆயுட்காலம்’ என்றுதான் இருக்கும். அந்தக் கோப்பு ஓடும்வரை உங்களுடையது. வடிவம் பழையதாகி ஓடாமல் போனால் புதியது தருவார்களா, நீங்களே மாற்றிக்கொள்ளலாமா என்பதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கோப்பை உங்களிடம் கொடுத்தால், அதை வைக்க இடமும் ஓட்ட கால்டுரா, பனோப்டோ மாதிரியான அமைப்பும் வேண்டும். கணினிப் பிரிவைக் கேட்காமல் கோப்பு வாங்கிவிட்டு, மூன்று மாதம் அது ஒரு பென் டிரைவில் என் மேசை இழுப்பறையில் கிடந்தது.

அடுத்தது, பார்ப்பதற்கு ஏற்பக் காசு பிடிக்கும் முறை. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

தளம் ஆயிரக்கணக்கான படங்களைத் திறந்து வைக்கும். முதலில் இலவசம். ஒரு படத்தைக் குறிப்பிட்ட முறை பார்த்ததும் அதன் ஓராண்டு உரிமம் தானாக உங்கள் கணக்கில் ஏறிவிடும். கனோப்பி கல்லூரிகளுக்குக் கொடுத்த பிரபலமான வடிவத்தில், அரை நிமிடத்துக்கு மேல் ஓடிய பார்வை நான்கு சேர்ந்தால் 150 டாலர். முழுப் படம்கூட அல்ல, முப்பது விநாடி. 5,000 டாலர் போட்டு வைத்தால் 33 படங்கள்தான். ஓர் ஆசிரியர் இருபது படங்களைப் பட்டியல் போட்டு “இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்” என்று மாணவர்களிடம் கொடுத்தால், தேர்ந்தெடுப்பதற்காகத் திறந்து பார்ப்பதிலேயே பாதிப் பணம் போய்விடும். எங்கள் நூலகம் இன்னொரு தளத்தோடு இதே மாதிரி ஏற்பாடு செய்திருந்தது. அக்டோபர் நடுவிலேயே ஆண்டுப் பணம் தீர்ந்தது. யாரும் தவறு செய்யவில்லை, மாணவர்கள் படம் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

பெரிய இடங்களுக்கே இது தாங்கவில்லை. பொது நூலகங்களுக்குக் கனோப்பி வைத்திருந்ததும் பார்வைக்கு ஏற்பக் காசு பிடிக்கும் முறைதான். நியூயார்க், புரூக்ளின், குயின்ஸ் என்று நியூயார்க் நகரின் மூன்று பொது நூலக அமைப்புகளும் செலவைக் காரணம் சொல்லி 2019 ஜூலை முதல் அதை நிறுத்தின.

இந்த முறையில் இறங்குவதாக இருந்தால் கையெழுத்துக்கு முன்பே மூன்று விஷயங்களைக் கேளுங்கள். பணம் தீர்ந்ததும் தானாக நிற்குமா, மேலும் பில் வருமா? நூலகர் ஒப்புதல் தந்த பிறகே உரிமம் ஏறும்படி மாற்ற முடியுமா? சில தொகுப்புகளை மறைக்க முடியுமா? இரண்டாவது கேள்விக்கு ‘முடியும்’ என்றால் அதையே தேர்ந்தெடுங்கள். மாணவர்கள் ஒரு நாள் காத்திருப்பார்கள், பரவாயில்லை.

6. காகிதங்கள்

விலை பேசி முடித்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பாதிகூட முடியவில்லை.

விற்பவர் புதியவர் என்றால், கணக்குப் பிரிவு அவரை முதலில் பதிவு செய்ய வேண்டும். அதற்கு அவருடைய வரி எண்ணைத் தரும் டபிள்யூ-9 படிவம் அவரிடமிருந்து வேண்டும். விலை கேட்கும்போதே அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். உங்கள் கல்லூரிக்கு விற்பனை வரி விலக்கு இருந்தால் அந்தச் சான்றிதழை நீங்கள் அனுப்ப வேண்டும். இல்லையென்றால் இன்வாய்ஸில் வரி சேர்ந்து வரும், கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பும், இரண்டு வாரம் போகும்.

அப்புறம் உரிம ஒப்பந்தம். அதில் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். பெரும்பாலான கல்லூரிகளில் நூலகருக்கு அந்த அதிகாரம் இல்லை, ஒப்பந்தப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். அரசுக் கல்லூரி என்றால் இரண்டு பத்திகளில் கட்டாயம் சிக்கும்: வழக்கு வந்தால் விற்பவரின் நஷ்டத்தை நாங்கள் ஏற்கிறோம் என்பது ஒன்று, வேறொரு மாநிலத்தின் சட்டம் செல்லும் என்பது இன்னொன்று. இரண்டையும் நீங்களே அடித்துவிட்டு, “இதை நீக்கினால் உடனே கையெழுத்தாகும்” என்று விற்பவருக்கு அனுப்புங்கள். சின்ன நிறுவனங்கள் பெரும்பாலும் சரி என்றுவிடும்.

தமிழ் ஆவணப்படம் ஒன்றைச் சென்னையில் இருக்கும் இயக்குநரிடமே வாங்க நேர்ந்தது. அமெரிக்காவில் அதற்கு விநியோகஸ்தர் இல்லை. வெளிநாட்டவருக்கு டபிள்யூ-9 செல்லாது. தனி நபர் என்றால் டபிள்யூ-8பென், நிறுவனம் என்றால் டபிள்யூ-8பென்-இ. இந்தப் படிவத்தில் வரி ஒப்பந்தச் சலுகையைச் சரியாகக் கோராவிட்டால், உரிமைத் தொகை என்ற கணக்கில் 30 சதவீதத்தைக் கல்லூரி பிடித்துவிடும். அவரிடம் 300 டாலர் பேசிவிட்டு 210 அனுப்பினால் நம் மீது என்ன மரியாதை இருக்கும்? முதலிலேயே சொல்லிவிடுங்கள். வங்கிக் கட்டணம் யார் தலையில் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். அந்த ஒரு படத்துக்கு எனக்கு நான்கு மாதம் ஆனது, ஆனாலும் அதைத்தான் திரும்பத் திரும்பச் செய்ய ஆசைப்படுவேன்.

7. காலம்

முதல் கடிதத்திலிருந்து மாணவர் பார்க்கும்வரை ஆறிலிருந்து எட்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். புதிய விற்பனையாளர் என்றால் பத்து.

பெரும்பாலான கல்லூரிகளில் நிதியாண்டு ஜூன் 30இல் முடிகிறது. மே மாதத்தில் “மீதிப் பணத்தைச் செலவழியுங்கள்” என்று உத்தரவு வரும். அவசரத்தில் ஓராண்டு உரிமங்கள் வாங்கினால், அவை மே 20இலிருந்து ஓட ஆரம்பிக்கும். கோடை விடுமுறை முழுக்க வெறுமனே ஓடிவிட்டு, அடுத்த வசந்த பருவத் தேர்வோடு முடிந்துவிடும். அதனால்தான் மேலே உள்ள கடிதத்தில் ஆகஸ்டு 15. பணம் மே மாதத்தில், உரிமம் ஆகஸ்டில். கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள். உங்கள் கணக்குப் பிரிவு அடுத்த நிதியாண்டுச் சேவைக்கு முன்பணம் தர அனுமதிக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

8. பொது நூலகமும் நம் ஊர்ச் சங்கங்களும்

பொது நூலகங்கள் திரையிடலுக்கு ஆண்டு உரிமம் வாங்குவதுண்டு. ஸ்வாங்க், எம்.பி.எல்.சி. என்ற இரண்டு உரிம நிறுவனங்களும் கொடுக்கின்றன, விலை நூலகத்தின் அளவைப் பொறுத்தது. தமிழ்ச் சங்கம் நூலகக் கூடத்தை எடுத்து ஒரு தமிழ்ப் படம் போட நினைத்தால், “நூலகத்துக்குத்தான் உரிமம் இருக்கிறதே” என்று விட்டுவிடக் கூடாது. அந்த உரிமம் பட்டியலில் உள்ள ஸ்டுடியோக்களின் படங்களுக்கு மட்டும். படம் பட்டியலில் இல்லையென்றால் தயாரிப்பாளரிடமோ உரிமை வைத்திருப்பவரிடமோ எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். இன்னொன்று, ஆண்டு உரிமங்கள் பலவற்றில் படத்தின் பெயரை நூலகத்துக்கு வெளியே விளம்பரம் செய்யத் தடை உண்டு. போஸ்டர் அடிப்பதற்கு முன் படித்துப் பாருங்கள்.

9. பழைய விஎச்எஸ் நாடாக்கள்

அலமாரியில் கிடக்கும் நாடாக்களை டிஜிட்டலாக மாற்றலாமா? பதிப்புரிமைச் சட்டத்தின் 108(c) பிரிவு ஒரு வழி தருகிறது. நாடா சிதைந்திருக்க வேண்டும், அல்லது அந்த வடிவமே வழக்கொழிந்திருக்க வேண்டும். புதிய பிரதி நியாயமான விலையில் கிடைக்கவில்லை என்று தேடிப் பார்த்திருக்க வேண்டும். அப்படியானால் மூன்று பிரதிவரை எடுக்கலாம். டிஜிட்டல் பிரதியை நூலகக் கட்டடத்துக்கு வெளியே கொடுக்கக் கூடாது, ஸ்ட்ரீமிங் என்ற பேச்சே இல்லை. தேடிய நாள், எங்கே தேடினீர்கள், என்ன பதில் வந்தது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். கேள்வி வந்தால் அதுதான் உங்கள் பக்கச் சாட்சி.

10. படம் வந்த பிறகு

அன்றே முழுவதும் ஓடவிட்டுப் பாருங்கள். கேப்ஷன் சரியாக வருகிறதா, கல்லூரிக்கு வெளியே இருந்து உள்நுழைந்தாலும் ஓடுகிறதா என்று வீட்டுக் கணினியிலும் பாருங்கள். கேப்ஷன் இல்லாமல் வந்தால் நீங்களே போட வேண்டியிருக்கும். நிமிடத்துக்கு 2 டாலர் என்றாலும் 90 நிமிடப் படத்துக்கு 180, மலிவாக வாங்கிய உரிமத்தைவிட அதிகம்.

கேட்லாக் பதிவில் உரிமம் முடியும் தேதியைச் சேருங்கள். அப்புறம் காலண்டரில் அந்தத் தேதியை அல்ல, அதற்கு 90 நாள் முந்தைய தேதியைக் குறித்துவையுங்கள். நான் முடியும் தேதியைத்தான் குறித்திருந்தேன். அது ஒரு செவ்வாய்க்கிழமை. மாணவர்களின் கட்டுரை அந்த வியாழக்கிழமை.